ஏழாவது கம்பி

கேட்க விரும்பும் ஆள் ஊரில் ஒருவர்கூட இல்லாத இசையை ஒரு மனிதன் எதற்காக இருபது வருடம் வாசித்துக்கொண்டிருக்கிறான்? பூவரசனைக் கொஞ்சம் பழகிப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்காது. பிறகு ஓர் ஆடி மாதத்தில் ஊரே அதைக் கேட்க விரும்பியது. கேள்வி அதோடு தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை.

பூவரசனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. மலை மேல் இருக்கும் ஜமுனாமரத்தூரில் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் மைக் செட் கடை வைத்திருக்கிறான். காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம், சாவு எல்லாவற்றுக்கும் அதே பெட்டிகள்தான் போகும். ஏற்றுவது, இறக்குவது, ஒயரை இழுப்பது, திரும்பச் சுருட்டுவது. முழங்கால்கள் இரண்டும் தேய்ந்துவிட்டன. இடது காதுக்குள் சில வருடங்களாக ஒரு விசில் நிற்காமல் ஒலிக்கிறது. "கரண்டு போனாகூட இது மட்டும் நிக்கறதில்ல" என்பான். அதைச் சிரிக்காமல் சொல்வான்.

இளம் வயதில் அவன் பெங்களூரில் ஒரு சவுண்டு சர்வீஸ் கம்பெனியில் பெட்டி தூக்கினான். ஒரு கல்லூரி விழாவில்தான் முதன்முதலாக ஹெவி மெட்டல் இசையைக் கேட்டான். கேட்டான் என்பதுகூடச் சரியில்லை. கிட்டார்க்காரர் முதல் அடி அடித்ததும் ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று நினைத்து, மேடைக்குப் பின்னால் ஓடி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டான். மொத்த மேடையும் இருண்டது. முடி வளர்த்த நான்கு பேர் அவனை அடிக்க வந்தார்கள். அந்த ஒலி அப்படித்தான் இருக்கும், வேண்டுமென்றே கிழிக்கப்பட்டது என்று அவனுக்கு விளங்க அன்றைய மீதி நிகழ்ச்சி தேவைப்பட்டது. விளங்கிய பிறகு அவனால் அதை விட முடியவில்லை. பழைய கிட்டார் ஒன்றை வாங்கி, கேசட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டே கற்றுக்கொண்டான். பெரிய திறமைசாலி என்று சொல்ல முடியாது. வலது கை உறுதியானது. இடது கை எப்போதும் ஒரு நொடி யோசிக்கும்.

மலைக்குத் திரும்பி வந்து அம்சவல்லியைக் கல்யாணம் செய்துகொண்டான். கிட்டாரும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாவிட்டால் திருப்பத்தூருக்கு இறங்கிப் போவான். அங்கே செல்போன் கடை வைத்திருக்கும் அருள் டிரம்ஸ் வாசிப்பான். டயர் கடை ஒன்றின் குடோனில் இரண்டு பேரும் மத்தியானம் முழுக்க வாசிப்பார்கள். மூன்றாவதாக ஓர் ஆள் இருந்தான். ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அவனுக்குப் பதிலாக யாரும் வரவில்லை. அவர்கள் வாசித்ததைக் கேட்டவை டயர்கள் மட்டும்தான்.

வீட்டில் வாசிப்பதற்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. கல்யாணமான மறு வருடத்தில் நடந்த ஒன்றுதான் அதற்குக் காரணம்.

ஹெவி மெட்டலில் சில பாட்டுகளுக்குக் கம்பியை மிகவும் தளர்த்த வேண்டும். தளர்த்தத் தளர்த்தக் குரல் கீழே போகும். ஒரு நாள் பூவரசன் தடித்த கம்பியை அப்படித் தளர்த்தி, உள்ளங்கையால் அதை அமுக்கியபடி வேகமாக வெட்டி வெட்டி அடித்தான். வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்த அம்சவல்லி கொட்டாவி விட்டாள். மறுபடியும் விட்டாள். முறம் கையிலிருந்து நழுவியது. தலை சுழன்றது. பிறகு அவள் பேசியது அவளுடைய குரல் இல்லை.

அம்சவல்லிக்குச் சிறு வயதிலிருந்தே ஆடித் திருவிழாவில் அம்மன் வரும். படவேட்டுப் பக்கத்திலிருந்து பம்பைக்காரர்கள் வந்து, பம்பைக் கொட்டு வேகம் எடுக்கும்போது வரும். கொட்டாவிதான் முதல் அடையாளம் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். பம்பைக்கும் இந்தக் கம்பிக்கும் என்ன உறவு என்று கேட்டால் பதில் கிடையாது. இரண்டும் காதில் நுழைவதற்கு முன்னால் வயிற்றில் நுழைகின்றன. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அன்று அவள் மயங்கி விழுந்தாள். இரண்டு நாள் எழவில்லை. திருவிழாவுக்குப் பிறகும் எப்போதும் அப்படித்தான் கிடப்பாள். அவளுக்கு ரத்தம் குறைவு என்று திருப்பத்தூர் டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

"கழுத்துல கயிறு கட்டி கெணத்துல எறக்கி ஏத்தின மாறி இருக்குது" என்றாள் எழுந்த பிறகு. "வூட்ல அந்தக் கம்பிய எறக்காத. வருசத்துக்கு ஒருவாட்டி வர்றதே போதும்."

"சரி."

"திருப்பத்தூர்ல போய் எறக்கு. அங்க யாருக்கு வருதோ வரட்டும்."

அதற்குப் பிறகு வீட்டில் அவன் கம்பியைத் தளர்த்தியதே இல்லை. ஊர் மட்டும் அந்தச் சம்பவத்தை மறக்கவில்லை. அவன் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும்போது, "இன்னா பூவரசு, அம்மன இட்டுகினு போறியா?" என்று யாராவது கேட்பார்கள். அவனும் தலையாட்டிவிட்டுப் போவான்.

இரண்டு வருடத்துக்கு முன் அந்தக் கிட்டார் உடைந்தது. சாவு வீட்டிலிருந்து லோடு ஆட்டோவில் திரும்பும்போது, வளைவில் ஸ்பீக்கர் பெட்டி சரிந்து அதன் கழுத்தின் மேல் விழுந்தது. ஒட்டிப் பார்த்தான். கம்பியை முறுக்கியதும் மறுபடி விட்டது.

புதிதாக எதை வாங்குவது என்ற யோசனை அப்போது தொடங்கியது. மாதக் கணக்கில் நீடித்தது. அந்த மாதங்களில்தான் அவன் முகத்தில் கொஞ்சம் தெளிவு இருந்தது என்று அருள் சொல்வான். வாங்குவதைவிட வாங்கப்போவதில் இருக்கும் நிம்மதி பெரியது. எதையும் தேர்ந்தெடுக்காத வரைக்கும் எல்லாமே நம்முடையதுதான்.

மூன்று மாடல்கள் அவன் மனதில் இருந்தன. முதலாவது, கொம்பு வைத்த மாதிரிக் கூராக இருக்கும் சிவப்புக் கிட்டார். இருபது வயதில் ஆசைப்பட்டது. அதன் பிரிட்ஜ், அதாவது கம்பிகள் வந்து முடியும் இரும்புப் பகுதி, ஸ்பிரிங்கின் மேல் மிதந்துகொண்டிருக்கும். ஒரு கம்பி அறுந்தால் மற்ற எல்லாமே சுருதி தவறிவிடும். காலையில் பனியும் மத்தியானம் வெயிலுமாக இருக்கும் மலையில் அதைச் சுருதி கூட்டியே பொழுது போய்விடும். இரண்டாவது, பிரிட்ஜ் அசையாத சாதாரண ஆறு கம்பிக் கிட்டார். எதற்கும் பழுதில்லை. அவனுடைய வயதுக்கும் முழங்காலுக்கும் அதுதான் சரி. மூன்றாவது, கறுப்பு நிறத்தில் ஏழு கம்பி. கழுத்து நீளம். வழக்கமான ஆறு கம்பிக்கு மேலே கூடுதலாக ஒரு தடித்த கம்பி. பழைய கிட்டாரில் கம்பியைத் தளர்த்தினால்தான் வந்த குரல், இதில் தளர்த்தாமலே, தொய்வில்லாமல் வரும். ஹெவி மெட்டல் வாசிப்பவனுக்கு எது பொருத்தம் என்று யாரிடம் கேட்டாலும் மூன்றாவதைத்தான் காட்டுவார்கள்.

"ஏழு கம்பி எடு மச்சான், இன்னாத்துக்கு யோசிக்கற?" என்றான் அருள்.

"வூட்ல வெச்சிக்க முடியாது."

"என் கடையில வெச்சிக்க."

"அப்ப அது உன் கிட்டாரு."

"அப்ப ஆறு கம்பி எடு."

"ஆறு கம்பி எடுத்தா கடைசி வரைக்கும் ஏழு கம்பி நெனப்பாவே இருக்கும்."

"உனக்குக் கிட்டாரு வாணாம் மச்சான். கவலைதான் வேணும்" என்றான் அருள்.

அந்த வருடம் ஆடிக்கு முன் படவேட்டுப் பக்கத்துப் பம்பைக்காரர்கள் வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதே தேதியில் மலைக்குக் கீழே வேறு பெரிய திருவிழாவுக்கு ஒப்புக்கொண்டிருந்தார்கள். செங்கத்திலும் விசாரித்தார்கள். ஆடியில் பம்பைக்காரர் கிடைப்பது லேசான காரியமில்லை. ஊருக்குத் தலைவரான ஊர்க் கவுண்டர் சின்னதம்பி, பூவரசனின் தாய்மாமன், ஒரு நாள் சாயங்காலம் அவன் கடைக்கு வந்து பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"அந்தக் கிட்டாரு இன்னா ஆச்சு?"

"ஒடஞ்சிடுச்சி மாமா."

"புதுசு வாங்கறதுதான?"

"பாக்கறேன்."

"பாக்கறத வுடு. ஊரு வாங்கித் தருது. ஆடிக்கு நீ வாசி. பம்பைக்கு வர்ற அம்மன், உன் கிட்டாருக்கும் வந்தா இல்ல? ஊரே பார்த்துதே."

பூவரசன் கையிலிருந்த ஒயரைச் சுருட்டி முடித்தான். "அது கொட்டு இல்ல மாமா."

"எனக்குத் தெரியாதா? அவளுக்குத் தெரியும் இல்ல, அது போதும்." பிறகு அவர் ஊர் கூடிப் பேசி முடித்ததைச் சொன்னார். வாங்கும் கிட்டார் அம்மனுக்குச் சொந்தம். அது பூவரசன் வீட்டில் இருக்கலாம். திருப்பத்தூருக்கும் எடுத்துக்கொண்டு போகலாம். சாவு வீட்டுப் பக்கம் மட்டும் கொண்டுபோகக் கூடாது. வாங்கப் போகும்போது பெங்களூர்க் கடைக்கு அம்சவல்லியும் வர வேண்டும். எந்த மாடலுக்கு அம்மன் உத்தரவு தருகிறாளோ அதைத்தான் வாங்க வேண்டும்.

இப்படி ஒரு நிபந்தனையோடு உலகத்தில் வேறு எங்காவது கிட்டார் வாங்கியிருப்பார்களா என்பது சந்தேகம். ஊருக்கு அதில் விசித்திரம் எதுவும் தெரியவில்லை. கிடா வெட்டுவதற்கு முன் தண்ணீர் தெளித்து, அது உடம்பைச் சிலுப்பும் வரை காத்திருக்கிறார்கள் அல்லவா? கேட்காமல் எதையும் செய்வதில்லை.

அன்று சாப்பிடும்போது பூவரசன் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னான்.

"பெங்களூரா? நான் பார்த்ததேயில்ல, வர்றேன்" என்றாள் அம்சவல்லி.

"வந்துடுச்சின்னா மறுபடி படுத்துடுவ."

"வரலன்னா மட்டும் இன்னா? மறுநாளு சாமைக் கொல்லையில களை எடுக்கப் போவணும். வந்தா ரெண்டு நாளாவது எவளாவது கஞ்சி காச்சி ஊத்துவா."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"உங்க மாமன் என் கால்ல வுழறது அந்த ஒரு நாளுதான்யா. மத்த நாளெல்லாம் அவருக்கு என் பேரே தெரியாது" என்று சொல்லிவிட்டு அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். சிரித்தாளா என்று அவனுக்குத் தெரியவில்லை.

விடியற்காலை முதல் பஸ்ஸில் சின்னதம்பியோடு சேர்த்து மூன்று பேரும் ஆலங்காயம் வழியாக இறங்கி, ஜோலார்பேட்டையில் ரயில் பிடித்தார்கள். உட்கார இடம் கிடைக்கவில்லை. பெங்களூரில் கடைக்குப் போய்ச் சேரும்போது உச்சி வெயில். மாடியில் கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, சுவர் முழுக்கக் கிட்டார்கள். சின்னதம்பி செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார். கடையில் இருந்த இளைஞன் தர்மபுரிக்காரன். நல்லவேளையாகத் தமிழ் பேசினான்.

"யாருக்கு சார், பையனுக்கா?"

"அம்மனுக்கு" என்றார் சின்னதம்பி.

இளைஞன் அம்சவல்லியைப் பார்த்தான். "மேடம் வாசிப்பாங்களா?"

"நான் கேக்க வந்தேன்" என்றாள் அவள்.

முதலில் இளைஞன் சிவப்புக் கிட்டாரை வாசித்துக் காட்டினான். விரல்கள் பறந்தன. அம்சவல்லி ஏசியின் காற்றில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பார்த்தாள். "எலி ஓடற மாறி இருக்குது" என்றாள். பூவரசன் சிவப்புக் கிட்டாரைக் கையில் வாங்கவே இல்லை. இருபது வயதின் ஆசை அப்படி முடிந்தது.

அடுத்து ஆறு கம்பி. பூவரசனே அதை வாங்கி வாசித்தான். சத்தம் சுத்தமாக இருந்தது. அம்சவல்லி சும்மா உட்கார்ந்திருந்தாள். "நல்லாதான் இருக்குது. இதயே வாங்கேன்" என்றாள்.

"அவசரப்படாத அம்மாடி. இன்னொண்ணு இருக்குது" என்றார் சின்னதம்பி.

ஏழு கம்பியை இளைஞன்தான் வாசித்தான். தடித்த கம்பியை அமுக்கிப் பிடித்து அடித்தபோது சுவரில் மாட்டியிருந்த மற்ற கிட்டார்கள் மெல்ல முனகின. அம்சவல்லி கொட்டாவி விட்டாள். வாய் முழுக்கத் திறந்து, கண்ணில் தண்ணீர் வர. பூவரசன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். சின்னதம்பி எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார். இளைஞன் பயந்து நிறுத்திவிட்டான்.

"சார், மேடத்துக்கு உடம்பு சரியில்லையா?"

"தூக்கம் வருதுப்பா" என்றாள் அம்சவல்லி. "ராத்திரியே எழுந்து கெளம்பி வந்தோம். ரயில்ல நின்னுகினே வந்தேன்."

"உத்தரவு கெடச்சிடுச்சி" என்றார் சின்னதம்பி. "கட்டுப்பா இத்த."

அது தூக்கமா, அம்மனா? உள்ளே இருந்து பார்த்தவளே தூக்கம் என்று சொன்ன பிறகும், வெளியே இருந்து பார்த்தவர் அம்மன் என்றார். ஓர் உடம்பில் நடப்பதைப் பற்றிச் சொல்ல யாருக்கு அதிகாரம் என்று பூவரசன் யோசித்தானா தெரியாது. திரும்பி வரும்போது கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி வந்தான். அம்சவல்லி அவன் தோளில் சாய்ந்து குறட்டை விட்டாள்.

திருவிழா வரைக்கும் வீட்டில் அவன் அதை உறையிலிருந்து எடுக்கவில்லை. திருப்பத்தூர் குடோனில் இரண்டு ஞாயிறு வாசித்தான். ஏழாவது கம்பி ஒலித்தபோது அருள் டிரம்ஸை நிறுத்திவிட்டுக் கேட்டான். "மச்சான், இருபது வருசமா நீ தேடினது இதுதான்டா" என்றான். பூவரசன் ஆமாம் என்றான். அருளுக்குத் தெரிந்து அவன் எதற்கும் இவ்வளவு சுலபமாக ஆமாம் சொன்னதில்லை.

திருவிழா அன்று மத்தியானத்திலிருந்தே தூறல். பூவரசன் கோயிலுக்குப் பக்கத்தில் தார்ப்பாய் கட்டி, பெட்டிகளை வைத்து, எர்த்துக்கு இரும்புக் கம்பி அடித்து, அதன் அடியில் உப்புத் தண்ணீர் ஊற்றினான். எர்த் சரியாக இல்லாவிட்டால் இந்த மாதிரிக் கிட்டார் வாசிக்காமலே இரையும். பொழுது சாயும் நேரத்துக்கு எல்லாம் தயார். ஊர் கூடிவிட்டது. மஞ்சள் புடவையில், தலை குளித்து, ஈரக் கூந்தலோடு அம்சவல்லி அம்மனுக்கு முன்னால் நின்றாள். அருள் கீழேயிருந்து டிரம்ஸைக் கொண்டுவந்திருந்தான்.

"ஆரம்பிடா" என்றார் சின்னதம்பி.

பூவரசன் கிட்டாரை மாட்டிக்கொண்டான். சுருதி பார்ப்பவனைப் போல ஏழாவது கம்பியின் திருகாணியைத் திருப்பினான். திருப்பிக்கொண்டே இருந்தான். கம்பி தொய்ந்தது, வளைந்து தொங்கியது. கருவிப் பையிலிருந்து கட்டரை எடுத்து அதை வெட்டினான். இரண்டு துண்டையும் உருவி, சுருட்டி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"இன்னா மச்சான் பண்ற?" என்றான் அருள்.

"நீ அடி" என்றான் பூவரசன்.

மீதி ஆறு கம்பியில் அவன் வாசித்தான். அதில் தடித்த கம்பியைத் தளர்த்தியிருந்தால்கூட ஏழாவதின் குரல் கொஞ்சம் கிடைத்திருக்கும். தளர்த்தவில்லை. அருள் எவ்வளவோ வேகமாக அடித்துப் பார்த்தான். தூறலில் ஊர் காத்திருந்தது. அம்சவல்லி கண்ணை மூடி நின்றாள். பெண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொட்டாவி வரவில்லை. கடைசியில் அவள் கண்ணைத் திறந்து, சின்னதம்பியைப் பார்த்து, "பெரியப்பா, கால் வலிக்குது, உக்காரட்டா?" என்று கேட்டாள்.

அந்த வருடம் அம்மன் வரவில்லை. சின்னதம்பி பூவரசனோடு ஒரு மாதம் பேசவில்லை. "அம்மன்கிட்ட கேட்டு வாங்கின பொருள ஊனமாக்கிட்டான்" என்று எல்லோரிடமும் சொன்னார். அடுத்த ஆடிக்குத் தை மாதமே பம்பைக்காரர்களுக்குச் சொல்லிவிட்டார்கள். அம்மனும் பம்பைக்கு வந்தாள். அம்சவல்லி வழக்கம்போல இரண்டு நாள் படுத்தாள்.

கம்பி வெட்டிய அந்தத் திருவிழாவுக்கு மறுநாள் காலையில் அவள் களை எடுக்கப் போகும்போது பூவரசன் வாசலில் இருந்தான்.

"ஏன்யா வெட்டின?" என்று கேட்டாள்.

அவன் ஸ்பீக்கர் பெட்டியில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

துடைத்துக்கொண்டே இருந்தான். அவள் களைக்கொட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

வெட்டியதற்குக் காரணம் மனைவி மேல் இருக்கும் அன்பு என்று அருள் நினைக்கிறான். அதை உடனே ஒப்புக்கொள்ள முடியவில்லை. அன்று அவள் படுக்காமல் தப்பித்தாள். ஊர் அவள் காலில் விழும் ஒரே நாளையும் இழந்தாள். தன் இசையை அம்மனுக்குக்கூட விட்டுக்கொடுக்க அவனுக்கு மனமில்லை என்றும் சொல்லலாம். அப்படியானால் திருப்பத்தூர் குடோனிலாவது அந்தக் கம்பியைத் திரும்ப மாட்டியிருக்க வேண்டும். அவன் மாட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழு கம்பிக் கிட்டாரை ஆறு கம்பியோடுதான் வாசிக்கிறான். ஏழாவது திருகாணி காலியாக இருக்கிறது.

கம்பிகள் துருப்பிடிக்கும்போது பழையதைக் கழற்றிப் புதியது மாட்டுவான். ஆறு கம்பி செட் எல்லாக் கடையிலும் கிடைக்கும். ஏழு கம்பி செட்டைச் சொல்லிவைத்துத்தான் வாங்க வேண்டும். அவன் ஒவ்வொரு முறையும் சொல்லிவைத்து ஏழு கம்பி செட்டையே வாங்குகிறான். ஆறை மாட்டிவிட்டு, தடித்ததை உறையோடு அலமாரியில் வைக்கிறான். அங்கே அவை சேர்ந்துகொண்டே போகின்றன. போன கார்த்திகையில் அவரைக்கொடிப் பந்தலுக்குக் கட்ட அம்சவல்லி அதில் ஒன்றை எடுத்தாள். பூவரசன் அதை அவள் கையிலிருந்து வாங்கி, துடைத்து, திரும்ப உறையில் போட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, கட்டுவதற்குக் கயிறு தேடிக்கொண்டு போனான்.